கம்ப்யூட்டர் கணக்குக்குப் பூட்டு: சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

கல்லாப் பெட்டிக்குப் பூட்டுப் போடாத வியாபாரி இல்லை. கிடங்குக்கு இரண்டு பூட்டு, ஷட்டருக்கு இரண்டு பூட்டு என்று போட்டுவிட்டு, வீட்டுக்குப் புறப்படும் முன் ஒருமுறை இழுத்தும் பார்க்கிறோம். ஆனால் அந்தக் கல்லாவில் உள்ள ரொக்கத்தைவிடப் பல மடங்கு மதிப்புள்ள ஒன்று நம்மில் பலர் கடையில் பூட்டில்லாமல் கிடக்கிறது. அதுதான் கம்ப்யூட்டரில் உள்ள எக்செல் கணக்கு. எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கின் அடக்க விலை என்ன, எந்த மில்லுக்கு நாம் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கின்றன.

பில் போடுவதற்குத் தனி மென்பொருள் வைத்திருப்போர்கூட விலைப் பட்டியலையும், ஊர்வாரிப் பாக்கிப் பட்டியலையும், லாரி வாடகைக் கணக்கையும் எக்செல்லில்தான் வைத்திருக்கிறார்கள். நம் கைக்குப் பழகிய பேரேட்டைப் போலவே அது கோடு போட்டுக் கட்டம் கட்டமாக இருப்பதே காரணம். கம்ப்யூட்டரில் இப்படிக் கட்டம் போட்டுக் கணக்கெழுதும் வழக்கம் 1979-ல் அமெரிக்காவில் வந்த விசிகால்க் என்ற மென்பொருளோடு பரவத் தொடங்கியது. 1983-ல் லோட்டஸ் 1-2-3 வந்தது. மைக்ரோசாப்ட்டின் எக்செல் 1985-ல் மெக்கின்டோஷ் கம்ப்யூட்டருக்கும், 1987-ல் விண்டோஸுக்கும் வந்தது. இன்று அது இல்லாத கணக்கு மேஜையைப் பார்ப்பது அரிது.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துக் கடைக்கு வந்தவன். புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் பூட்டுச் செய்யத் தெரியாதவனுக்கும் நல்ல பூட்டு எது, எங்கே எதைப் போட வேண்டும், சாவியை எங்கே வைக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த அளவில் நான் விசாரித்து, கடையில் நடைமுறைப்படுத்திப் பார்த்தவற்றை நமது உறுப்பினர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஒரு கட்டம் அழிந்தால் என்ன ஆகும்?

முதலில் ஓர் உதாரணக் கணக்கு. 50 கிலோ துவரம் பருப்பு மூட்டை ஒன்றின் கொள்முதல் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி சேர்த்து 55 ரூபாய். ஆக அடக்கம் 5,055. அதன்மேல் மூட்டைக்கு 75 ரூபாய் வைத்து, விற்பனை விலை 5,130 என்று வர வேண்டும். இந்தக் கூட்டலை எக்செல் தானே செய்யும்படி விற்பனை விலைக் கட்டத்தில் பார்முலா போட்டிருக்கிறோம்.

பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் பேரம் பேசுகிறார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் பையன் நல்லெண்ணத்தோடுதான் அந்தக் கட்டத்தில் 5,100 என்று அடிக்கிறான். அன்றைய பில் சரியாகத்தான் போகிறது. மூட்டைக்கு 45 ரூபாய் லாபமும் நிற்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தில் இருந்த பார்முலா அழிந்துவிட்டது. அது இனி வெறும் எண்.

அடுத்த வாரம் கொள்முதல் 5,300 ஆக ஏறுகிறது. கொள்முதல் கட்டத்தில் புதிய விலையைப் போட்டதும் அடக்கம் 5,355 என்று மாறுகிறது. விற்பனை விலை 5,430 ஆகியிருக்க வேண்டும். பார்முலா இல்லாததால் 5,100-லேயே நிற்கிறது. நூறு சரக்குகள் உள்ள பட்டியலில் இந்த ஒரு வரி யார் கண்ணிலும் படாது. மூட்டைக்கு 255 ரூபாய் நட்டம். நாற்பது மூட்டை போனால் 10,200 ரூபாய். திருடன் யாரும் வரவில்லை, கல்லாவும் குறையவில்லை, பணம் மட்டும் போய்விட்டது.

பூட்டு வேண்டும் என்பது முதலில் இதற்காகத்தான். நம்மிடம் வேலை செய்பவர்கள் மேல் சந்தேகம் என்று யாரும் எண்ண வேண்டாம். நல்லவர்களின் கை தவறாமல் இருப்பதற்கான வேலி இது.

மூன்று பூட்டு, மூன்று வேலை

எக்செல்லில் பாஸ்வேர்டு போடும் இடங்கள் சில உண்டு. எல்லாம் ஒன்றே என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

முதலாவது, தாள் பூட்டு. 'ரிவியூ' பகுதியில் 'புரொடெக்ட் ஷீட்' என்று இருக்கும். இதைப் போட்டால் தாளைப் பார்க்கலாம். பூட்டிய கட்டங்களில் எழுத முடியாது.

இரண்டாவது, புத்தகப் பூட்டு. அதே இடத்தில் 'புரொடெக்ட் ஒர்க்புக்' என்று இருக்கும். இதைப் போட்டால் உள்ளே இருக்கும் தாள்களை நீக்கவோ, பெயர் மாற்றவோ, புதிதாகச் சேர்க்கவோ முடியாது. மறைத்து வைத்த தாளை வெளியே கொண்டுவரவும் முடியாது. கட்டங்களில் எழுதுவதை இது தடுக்காது.

மூன்றாவது, பைலைத் திறப்பதற்கே போடும் பூட்டு. 'பைல்', 'இன்ஃபோ', 'புரொடெக்ட் ஒர்க்புக்', 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு' என்று வரிசையாகப் போக வேண்டும். இதைப் போட்டால் பைலில் உள்ள அத்தனை எழுத்தும் சங்கேதமாக மாற்றி வைக்கப்படும். பாஸ்வேர்டு இல்லாமல் பார்க்கவே முடியாது.

இவற்றின் பலத்தை அறிந்துகொள்வது அவசியம். முதல் இரண்டும் தட்டிக் கதவின் கொக்கி போன்றவை. ஆடு மாடு நுழையாது. வேண்டுமென்றே வருபவனைத் தடுக்காது. எக்செல் 2010 வரையிலான பதிப்புகளில் தாள் பாஸ்வேர்டை மிகச் சிறிய ஓர் எண்ணாகச் சுருக்கித்தான் வைத்திருந்தார்கள். அதனால் வெவ்வேறு சொற்கள் பல ஒரே பூட்டைத் திறந்துவிடும். 1,94,560 சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்த்துத் திறக்கிற ஒரு மேக்ரோ உலகம் முழுவதும் கைமாறிக்கொண்டிருந்தது. 2013 பதிப்பிலிருந்து இந்தச் சுருக்கும் முறையைப் பலப்படுத்திவிட்டார்கள். ஆனாலும் தாளில் உள்ள எழுத்துகள் சங்கேதம் ஆகாமல் அப்படியேதான் இருக்கின்றன. விஷயம் தெரிந்தவர் பைலின் உட்பகுதியைத் திறந்து பூட்டை எடுத்துவிடலாம். தாள் பூட்டு பாதுகாப்புக்கான ஏற்பாடு அல்ல என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே சொல்லியிருக்கிறது.

மூன்றாவது பூட்டுதான் இரும்புப் பெட்டி. 2007 பதிப்பிலிருந்து இதற்குப் பலமான சங்கேத முறை பயன்படுகிறது. நல்ல நீளமான பாஸ்வேர்டு போட்டுவிட்டு மறந்துபோனால், மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரிடம் போனாலும் திறந்து தர முடியாது. அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. சேவ் செய்யும்போது 'பாஸ்வேர்டு டு மாடிஃபை' என்று ஒன்று கேட்கும். அது தெரியாதவரும் பைலைத் திறந்து படிக்கலாம். வேறு பெயரில் நகல் எடுத்து மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். அதை இரகசியத்துக்கு நம்பக் கூடாது.

ஆகவே, விலைப் பட்டியல் போன்றவற்றில் கைதவறைத் தடுக்கத் தாள் பூட்டு. வெளியார் கண்ணில் படக்கூடாத பாக்கிப் பட்டியலுக்கும் அடக்க விலைக்கும் பைல் பூட்டு. இந்தப் பாகுபாடு மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பூட்டும் முன் செய்ய வேண்டியது

தாள் பூட்டைப் போட்டவுடன், 'எதுவுமே எழுத முடியவில்லை, கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது' என்று சிலர் பூட்டையே கைவிட்டுவிடுகிறார்கள். எக்செல்லில் எல்லாக் கட்டங்களுக்கும் பிறவியிலேயே 'லாக்டு' என்ற குறி இருக்கிறது. தாள் பூட்டுப் போடும் வரை அந்தக் குறிக்கு வேலை இல்லை. போட்டதும் அத்தனை கட்டமும் பூட்டிக்கொள்ளும்.

ஆகவே முதலில், பையன்கள் தினமும் எழுத வேண்டிய கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, 'பார்மட் செல்ஸ்' என்பதில் 'புரொடெக்ஷன்' பகுதிக்குப் போய், 'லாக்டு' என்பதில் உள்ள டிக் குறியை எடுத்துவிட வேண்டும். விலைப் பட்டியலில் கொள்முதல் விலை, வாடகை, கூலி ஆகியவை திறந்திருக்கட்டும். அடக்கமும் விற்பனை விலையும் பூட்டியிருக்கட்டும். திறந்த கட்டங்களுக்கு இளமஞ்சள் நிறம் பூசிவிட்டால், எங்கே எழுதலாம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரத்துக்கென்று 'தள்ளுபடி' என ஒரு கட்டத்தைத் தனியாகத் திறந்து வைத்துவிட்டால் பார்முலாவில் கைவைக்க வேண்டிய தேவையே வராது.

மேக்ரோ என்ன செய்கிறது?

ஒரே ஒரு தாள் என்றால் கையாலேயே பூட்டிக்கொள்ளலாம். ஆனால் நம் பாக்கிப் புத்தகங்களில் ஊருக்கு ஒரு தாள் இருக்கிறது. முப்பது ஊர் என்றால் முப்பது தாள். ஆண்டுக்கு ஒருமுறை பார்முலாவை மாற்ற வேண்டுமென்றால் முப்பது தாளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, மாற்றி, ஒவ்வொன்றாகப் பூட்ட வேண்டும். இருபத்தெட்டைப் பூட்டிவிட்டு, போன் வந்ததும் எழுந்து போய்விடுவோம். மீதி இரண்டு திறந்தே கிடக்கும். மனிதனுக்கு மறதி இயற்கை. இந்த வேலையை இயந்திரத்திடம் விடுவதற்குத்தான் மேக்ரோ.

நாம் கையால் செய்யும் வேலைகளை வரிசையாக எழுதிவைத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் எக்செல் தானே செய்யும்படி அமைப்பதுதான் மேக்ரோ. அதை எழுதும் மொழிக்கு வி.பி.ஏ. என்று பெயர். 1993-ல் எக்செல்லின் 5-ஆம் பதிப்போடு வந்தது, இன்றும் இருக்கிறது. 'ஆல்ட்' விசையையும் 'எஃப் 11' விசையையும் சேர்த்து அழுத்தினால் அதை எழுதும் பக்கம் திறக்கும். பூட்டுவதற்கு அதில் 'புரொடெக்ட்' என்றும், திறப்பதற்கு 'அன்புரொடெக்ட்' என்றும் கட்டளைகள் இருக்கின்றன. புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு தாளாக எடுத்து இதைச் செய் என்று இரண்டு மூன்று வரியில் சொல்லிவிடலாம். கணக்கைப் பற்றித் தெரிந்த எந்தக் கம்ப்யூட்டர் மாணவரும் ஒரு மாலையில் எழுதித் தந்துவிடுவார். ஆனால் என்ன எழுத வேண்டும் என்பதை முதலாளிதான் சொல்ல வேண்டும். ஷட்டர் செய்பவரிடம் அளவு சொல்வது போல.

எழுதித் தருபவரிடம் சொல்ல வேண்டியவை

1. கையால் பூட்டும்போது எக்செல் பாஸ்வேர்டை இருமுறை கேட்கும். மேக்ரோ அப்படிக் கேட்காது. ஓர் எழுத்து தவறி அடித்தாலும் முப்பது தாளும் அந்தத் தவறான சொல்லோடு பூட்டிக்கொள்ளும். ஆகவே மேக்ரோவும் இருமுறை கேட்டு, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே பூட்டும்படி எழுதச் சொல்லுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை எக்செல் பார்க்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2. பாஸ்வேர்டு கேட்பதற்குச் சாதாரணமான 'இன்புட் பாக்ஸ்' வைத்தால் அடிக்கும் எழுத்துகள் திரையில் அப்படியே தெரியும். எதிரே நிற்பவர் படித்துவிடுவார். நட்சத்திரக் குறி மட்டும் தெரியும்படி 'யூசர் பார்ம்' அமைக்கச் சொல்லுங்கள்.

3. மேக்ரோவால் பூட்டும்போது, வடிகட்டிப் பார்க்கலாமா, பத்தியை அகலப்படுத்தலாமா என்பனவற்றையும் அந்தக் கட்டளையிலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த அனுமதிகள் போய்விடும். 'நேற்று வரை ஊர்வாரியாகப் பில்டர் போட்டேன், இன்று வரவில்லை' என்று கணக்குப்பிள்ளை வந்து நிற்பது இதனால்தான்.

4. திறந்து, ஏதோ எழுதி, திரும்பப் பூட்டும் மேக்ரோ நடுவில் பிழையாகி நின்றுவிட்டால் தாள் திறந்தே இருந்துவிடும். பிழை வந்தாலும் பூட்டிவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். இதை விட்டுவிடுபவர்கள் அதிகம்.

5. மேக்ரோ மட்டும் எழுதலாம், மனிதர் எழுதக் கூடாது என்று ஒரு வசதி இருக்கிறது. 'யூசர் இன்டர்ஃபேஸ் ஒன்லி' என்று பெயர். நல்ல வசதிதான். ஆனால் பைலை மூடியதும் இந்த ஏற்பாடு நினைவிலிருந்து போய்விடும். ஒவ்வொரு முறை பைல் திறக்கும்போதும் மேக்ரோ அதைப் புதிதாகச் சொல்ல வேண்டும்.

6. சேவ் செய்வதற்குச் சற்று முன் எல்லாத் தாளும் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். மேக்ரோ ஓடாத கம்ப்யூட்டரில் அந்தப் பைலைத் திறந்தாலும், பூட்டிய நிலையில் சேவ் ஆன தாள் பூட்டியேதான் இருக்கும். திறக்கும்போது பூட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், மேக்ரோ ஓடாத இடத்தில் கதவு திறந்தே கிடக்கும்.

7. வேலை முடிந்ததும் 'மொத்தம் 30 தாள், பூட்டியது 30' என்று திரையில் சொல்லட்டும். ஷட்டரை இழுத்துப் பார்ப்பதற்குச் சமம் இது.

பாஸ்வேர்டை மேக்ரோவுக்குள் எழுதலாமா?

பலரும் வசதிக்காகப் பாஸ்வேர்டை மேக்ரோ வரியிலேயே எழுதிவிடுகிறார்கள். சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவது போலத்தான் இது. மேக்ரோ பக்கத்தைத் திறந்தவர் எவரும் படித்துக்கொள்ளலாம். மேக்ரோ பக்கத்துக்கும் தனியாக ஒரு பாஸ்வேர்டு போடலாம். ஆனால் அதுவும் கொக்கி வகைதான், பெட்டி வகை அல்ல.

ஆகவே தாள் பூட்டுக்கு ஒரு சொல், பைல் பூட்டுக்கு முற்றிலும் வேறு ஒரு சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாள் பூட்டின் சொல் மேக்ரோவில் இருந்து வெளியே தெரிந்தாலும் பெரிய நட்டம் இல்லை. பைல் பூட்டின் சொல் எந்த மேக்ரோவிலும், எந்தத் தாளிலும், கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒட்டிய சீட்டிலும் இருக்கக் கூடாது.

மேக்ரோவில் உள்ள ஆபத்து

மேக்ரோ நல்ல வேலைக்காரன். தவறான ஆளை உள்ளே விட்டால் அவனே வீட்டைக் கொள்ளையடிப்பான். 1995-ல் வேர்டு பைல்களின் மூலம் 'கான்செப்ட்' என்ற மேக்ரோ வைரஸ் பரவியது. 1996-ல் எக்செல்லுக்கென்றே 'லரூ' வந்தது. 1999-ல் 'மெலிசா' மின்னஞ்சல் வழியே உலகத்தைக் கலக்கியது. இதனால்தான் இன்டர்நெட் வழியே வரும் பைல்களில் உள்ள மேக்ரோக்களைத் தானாகவே தடுத்து நிறுத்தும் ஏற்பாட்டை மைக்ரோசாப்ட் 2022-ல் கொண்டுவந்தது.

நம் கடை நடைமுறைக்கு இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, மேக்ரோ உள்ள பைலை எக்ஸ்.எல்.எஸ்.எம். என்ற வகையில் சேவ் செய்ய வேண்டும். வழக்கமான எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். வகையில் சேவ் செய்தால் மேக்ரோ போய்விடும். இரண்டு, செல்போனில் உள்ள எக்செல்லிலும் இன்டர்நெட் பிரவுசரில் திறக்கும் எக்செல்லிலும் இந்த மேக்ரோ ஓடாது. மூன்று, முன்பின் தெரியாதவரிடமிருந்து 'விலைப்புள்ளி', 'பில்' என்ற பெயரில் வரும் பைல் மேக்ரோவை அனுமதிக்கச் சொல்லிக் கேட்டால், எக்காரணம் கொண்டும் அனுமதிக்க வேண்டாம். நமக்கு எழுதித் தந்தவரின் மேக்ரோவை மட்டும், நம் கம்ப்யூட்டரில், தெரிந்து அனுமதிக்க வேண்டும்.

இன்னொரு சிறு குறிப்பு. மேக்ரோ தாளில் மாற்றம் செய்தபின், முன்னர் செய்தவற்றை 'அன்டூ' போட்டுத் திரும்பப் பெற முடியாது. ஆகவே பெரிய மாற்றத்துக்கு முன் பைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்வது நல்லது.

சட்டம் என்ன கேட்கிறது?

மத்திய ஜி.எஸ்.டி. விதிகள், 2017-ல் 56, 57 ஆகிய இரண்டு விதிகளை நாம் அறிந்திருக்க வேண்டும். கணக்கில் பதிந்ததை அழிக்கவோ, மேலெழுதவோ கூடாது என்பது 56-ஆம் விதி. கம்ப்யூட்டரில் கணக்கு வைத்தால், திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் குறிப்பு வைக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. 57-ஆம் விதியோ, கம்ப்யூட்டர் கணக்குக்கு முறையான நகல் வைக்கச் சொல்கிறது. அதிகாரி கேட்டால் பைல்களின் விவரத்தையும், அவற்றின் பாஸ்வேர்டையும், பயன்படுத்திய குறியீடுகளின் விளக்கத்தையும் தர வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தக் கணக்குகளை ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டத்தின் 36-ஆம் பிரிவு.

இதன் பொருள் என்ன? ஐந்து வருடத்துக்கு முன் போட்ட பைல் பூட்டின் பாஸ்வேர்டும் இன்று நம்மிடம் இருக்க வேண்டும். 'அப்போது இருந்த கணக்குப்பிள்ளைக்குத்தான் தெரியும்' என்பது பதில் ஆகாது.

திருத்தங்களைக் குறித்துவைக்கவும் மேக்ரோவால் முடியும். ஒரு கட்டம் மாறியதும் தேதி, நேரம், எந்தக் கட்டம், பழைய எண், புதிய எண் என்று தனித் தாளில் எழுதிவைக்கும். பழைய எண்ணை முன்கூட்டியே பிடித்து வைக்கும்படி எழுத வேண்டும். மாறிய பிறகு கேட்டால் எக்செல் தானாகச் சொல்லாது. அந்தக் குறிப்புத் தாளைச் சாதாரணமாக வெளியே எடுக்க முடியாதபடி 'வெரி ஹிடன்' என்று மறைத்தும் வைக்கலாம். ஆனால் மேக்ரோவை நிறுத்திவிட்டுத் திறந்தால் எதுவும் பதிவாகாது. ஆகவே முறையான கணக்குக்கு எக்செல்லை மட்டும் நம்பக் கூடாது. கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள், திருத்தங்களை நிறுத்த முடியாதபடி பதிவு செய்யும் கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதி 1.4.2023 முதல் நடைமுறையில் உள்ளது. தனி உரிமையாளர் கடைகளுக்கும் கூட்டு வியாபாரங்களுக்கும் அந்த விதி இல்லை என்றாலும், பிரதானக் கணக்கு அத்தகைய மென்பொருளிலும், துணைக் கணக்கு எக்செல்லிலும் இருப்பதே நல்ல ஏற்பாடு. சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளவும்.

சாவி யாரிடம்?

பூட்டைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. முக்கியமான விஷயம் இனிமேல்தான்.

எங்கள் பகுதியில் ஒரு மொத்த வியாபாரி இருந்தார். மிகவும் ஒழுங்கானவர். சுற்று வட்டாரக் கடைகளின் பாக்கி முழுவதையும் ஒரே பைலில் வைத்து, பைல் பூட்டும் போட்டிருந்தார். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நாள் அதிகாலையில் மாரடைப்பில் காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகன் கடையைத் திறந்தார். கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பியை அழைத்து, "எப்படியாவது திறந்து கொடுப்பா" என்றார். அவர், "அண்ணாச்சி, தாள் பூட்டாக இருந்தால் பார்க்கலாம். இது பைல் பூட்டு. சொல் தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது" என்று கையை விரித்துவிட்டார். பிறந்த தேதி, பழைய ஸ்கூட்டர் நம்பர், குலதெய்வத்தின் பெயர் எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். திறக்கவில்லை.

நான்கு மாதத்துக்கு முன் ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கொடுத்த அச்சுப் பிரதி ஒன்று இருந்தது. அதையும் பில் புத்தக நகல்களையும் வைத்துக்கொண்டு மகன் ஊர் ஊராகப் போனார். நாணயமான கடைக்காரர்கள் தங்கள் நோட்டைக் காட்டி, "அப்பாவுக்கு நான் இவ்வளவு தரணும்" என்று தாமாகவே சொன்னார்கள். வேறு சிலர், "அப்பாவிடமே கொடுத்துவிட்டேனே தம்பி" என்றார்கள். இல்லை என்று சொல்ல மகனிடம் ஆதாரம் இல்லை. வராமல் போன தொகை அந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எழுதி வைத்தும் திறக்க முடியாத கடன் எழுதாத கடனுக்குச் சமம்தான்.

எனவே நான் கடையில் வைத்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். பைல் பூட்டின் பாஸ்வேர்டை ஒரு தாளில் தெளிவாக எழுதி, எந்தப் பைல், எந்தத் தேதியில் போட்டது என்றும் குறித்து, உறையில் இட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வீட்டுப் பீரோவில் வைத்திருக்கிறேன். அந்த உறை எங்கே இருக்கிறது என்பது என் மனைவிக்கும் மூத்த மகளுக்கும் தெரியும். பாஸ்வேர்டு மாற்றும் நாளில் பழைய தாளைக் கிழிப்பதில்லை; பழைய ஆண்டின் பைலுக்கு அதுதான் சாவி. புதிய தாளையும் சேர்த்து வைக்கிறேன். கணக்குப் பார்ப்பவர் வேலையை விட்டுப் போகும் அன்று, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுகிறோம். இது அவருக்கும் பாதுகாப்பு. பின்னால் ஏதாவது நடந்தால் அவர் பெயர் அடிபடாது.

மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலை அச்செடுத்து, கையெழுத்திட்டு, தேதி போட்டு ஒரு கோப்பில் வைக்கிறோம். வாரம் ஒருமுறை பைலின் நகல் ஒன்று பென் டிரைவில் வீட்டுக்குப் போகிறது. கம்ப்யூட்டர் கெட்டாலும், பூட்டு மறந்தாலும், கடந்த மாதக் கணக்கு வரை காகிதத்தில் இருக்கும்.

இன்றே செய்யக் கூடியவை

வணிகப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இன்று மாலை வியாபாரம் ஓய்ந்ததும், உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை எக்செல் பைல் இருக்கிறது, எதற்கு என்ன பூட்டு இருக்கிறது, அதன் சாவி யார் யாருக்குத் தெரியும் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள். கடைசிப் பத்தியில் ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ள பைல் எது என்று பாருங்கள். அந்தப் பெயர் உங்களுடையதாக இருந்தாலும் சரி, கணக்குப்பிள்ளையுடையதாக இருந்தாலும் சரி, அதற்கு இரண்டாவது பெயர் ஒன்றைச் சேர்க்கும் வேலையை முதலில் முடியுங்கள். மேக்ரோ எழுதும் வேலையை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.